ஒரு சீன ‘அது’வும் ஆங்கிலக் காதுகளும்: 2020இல் ஒரு மேலாண்மை வகுப்பில் நடந்தது

பின்னணி

2020 ஆகஸ்ட் மாதம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருக்கும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மார்ஷல் வணிகப் பள்ளியில் எம்.பி.ஏ. முதலாண்டு மாணவர்கள் சேர்ந்த புதிது. கொரோனா காரணமாக வகுப்புகள் ஜூம் வழியே நடந்தன. மாணவர்களில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. பாடங்கள் முழுவீச்சில் தொடங்கும் முன் அவர்களுக்கு ஒரு மூன்று வாரப் பாடம் உண்டு. மேலாளராகப் போகிறவர் எப்படிப் பேச வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லித்தரும் தகவல்தொடர்புப் பாடம் அது.

பாடம் எடுத்தவர் வெள்ளையினப் பேராசிரியர். அந்தப் பாடத்தைப் பத்தாண்டுகளாக நடத்தி வந்தவர், ஷாங்காயில் சீனப் பேச்சைக் கேட்டுப் பழகியவர். இந்த ஆய்வில் யாருடைய பெயரும் தேவையில்லை. ஆசிரியர், மாணவர், பள்ளித் தலைவர் என்றே சொல்கிறேன்.

காலச்சூழலையும் சொல்லிவிட வேண்டும். அந்த மே 25 அன்றுதான் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்குக் கீழே உயிர்விட்டார். மார்ச் மாதம் லூயிவில் நகரில் பிரயோனா டெய்லர் தன் வீட்டிலேயே போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கோடை முழுவதும் ஊர்வலங்கள். கறுப்பின மாணவர்கள் அந்தக் கோடையைக் கடந்துதான் வகுப்பறைக்கு, அதாவது கணினித் திரைக்கு முன், வந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் கொரோனாவைச் சாக்காக வைத்துச் சீன முகம் கொண்டவர்களைத் தெருவில் திட்டுவதும் அதே மாதங்களில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆக, காயப்பட்ட இரண்டு சமூகங்கள் ஒரே வகுப்பில் இருந்தன. பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் வேண்டும்.

வகுப்பில் நடந்தது

ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை. அன்றைய பாடம், பேச்சின் நடுவே நாம் அறியாமல் நுழைக்கும் நிரப்புச் சொற்கள் பற்றியது. ஆங்கிலத்தில் ‘அம்’, ‘எர்’ என்று இழுப்பார்களே, அவைதான். இந்த இழுவை அவரவர் தாய்மொழியைப் பொறுத்தது என்று விளக்கிய ஆசிரியர், சீனாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார். அங்கே ஆட்கள் ‘அது, அது, அது’ என்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதையே சீனத்தில் ‘நெய்கெ, நெய்கெ, நெய்கெ’ என்று சொல்லிக் காட்டினார். பிறகு வழக்கம்போல் பாடத்தைத் தொடர்ந்தார். ஒரே பாடத்தை அன்று மூன்று பிரிவுகளுக்கு எடுத்ததால், இதே எடுத்துக்காட்டு மூன்று முறையும் வந்தது.

இந்த ஒலி ஆங்கிலத்தில் கறுப்பின மக்களை இழித்துச் சொல்லும் வசைச்சொல்லுக்கு மிக அருகில் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதைவிடக் கொடிய சொல் இல்லை என்றே சொல்லலாம். செய்தித்தாள்கள்கூட அதை முழுதாக அச்சிடுவதில்லை, முதல் எழுத்தை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கின்றன.

அந்தச் சொல்லைப் பற்றி

விவகாரத்தின் மையமே இந்தச் சொல்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மாண்டரின் சீனத்தில் இது இரண்டு எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்துக்கு ‘அந்த’ என்று பொருள். இரண்டாவது, பொருள்களை எண்ணும்போது எண்ணோடு சேர்ந்து வரும் துணைச்சொல். சேர்த்தால் ‘அந்த ஒன்று’, சுருக்கமாக ‘அது’. எழுத்தை உள்ளபடி வாசித்தால் ‘நாகெ’. ஆனால் பேச்சில், குறிப்பாக வட சீனத்தில், ‘நெய்கெ’ ஆகிவிடும். ‘அந்த’ என்பதற்கான ‘நா’வும் ‘ஒன்று’ என்பதற்கான ‘யி’யும் ஒட்டிக்கொண்டதால் வந்த மாற்றம் இது. ‘இந்த’ என்ற சொல்லுக்கும் ‘எந்த’ என்ற சொல்லுக்கும் இதே மாற்றம் நடந்திருக்கிறது.

‘அது’ எப்படி நிரப்புச் சொல்லாகும் என்று தமிழர் யாரும் கேட்க மாட்டோம். ‘அது வந்து...’, ‘அந்த இது இருக்குல்ல’, ‘அந்த... அவரு...’ என்று நாள் முழுக்க நாமே பேசுகிறோம். ஜப்பானியர் ‘அனோ’ என்று இழுப்பதும் ‘அந்த’ என்ற சொல்தான். கொரியர் ‘கு’ என்று இழுப்பதும் அதுவே. லத்தீன் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் ‘எஸ்தே’ என்று இழுப்பார்கள், அதற்கு ‘இது’ என்று பொருள். வாயில் வராத சொல்லை முதலில் சுட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் தேடும் வழக்கம் இது. ஆசிரியர் சொல்ல வந்த பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு மாணவர்களே இதைத் தனக்குச் சொல்லித்தந்ததாக அவர் பின்னர் எழுதினார்.

ஆங்கில வசைச்சொல்லின் பிறப்பு முற்றிலும் வேறு. லத்தீனில் கறுப்பு நிறத்தைக் குறித்த சொல்லிலிருந்து ஸ்பானிஷ், போர்ச்சுகீசிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக வந்து, அடிமை வணிகத்தில் புழங்கி, வசையாகவே இறுகிப்போனது. சீனச் சொல்லோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

உறவு இல்லைதான். ஆனால் காதுக்கு உறவு தெரியாது. சீனத்தில் இந்தச் சொல்லின் ‘க’ நம் ‘கல்’லின் ககரத்தைப் போல மூச்சு இல்லாத வல்லொலி. வேகமாகப் பேசும்போது, அழுத்தமில்லாத அசையில், உயிருக்கு நடுவே வரும் அந்த ஒலி குழைந்துவிடும். ‘பகல்’ என்னும்போது நம் ககரம் குழைகிறதே, கிட்டத்தட்ட அதைப் போல. கடைசி உயிரும் தெளிவில்லாமல் தேய்ந்துபோகும். மிஞ்சுவது முதல் அசையின் உயிர் வேறுபாடும், சீனத்துக்கே உரிய இறங்கு தொனியும்தான். சொல்லை வேறுபடுத்தும் தொனியைக் கேட்டுப் பழகாத ஆங்கிலக் காது அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வலி, வழி, வளி மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் வெளியூர்க்காரரிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லை. இங்கேயும் கேட்டவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சீனர் ஒருவர் சீனத்தில் பேசிக்கொண்டே போகும்போது இந்த ஒலி வந்தால், கேட்பவர் அது வேறு மொழி என்று முன்பே தெரிந்து கேட்கிறார். இங்கே ஓர் ஆங்கில வாக்கியத்தின் நடுவில், ஆங்கிலம் பேசும் வெள்ளையர் ஒருவரின் வாயிலிருந்து, அடுத்தடுத்து மூன்று முறை வந்தது. ‘அது’ என்ற பொருளை அவர் முன்கூட்டியே சொன்னது உண்மை. ஒலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாணவர்களின் புகார்

2022இல் பட்டம் பெறவிருந்த கறுப்பின மாணவர்களின் பெயரால் நிர்வாகத்துக்கு உடனே ஒரு கடிதம் போனது. ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய ஐந்து முறை அந்தச் சொல் வந்தது, வகுப்புக்குப் பின் பேசிக்கொண்டபோது எல்லோரும் மனம் உடைந்துபோயிருந்தோம், அந்தக் கோடையின் கொலைகளுக்கும் போராட்டங்களுக்கும் பின் இதை இப்படியே விட முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். சீனத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கும்போது இந்தச் சொல்லைத்தானா எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். சீனம் தெரிந்த சக மாணவர்களிடம் விசாரித்ததாகவும், உண்மையான உச்சரிப்பு வேறு என்று அவர்கள் சொன்னதாகவும் கடிதத்தில் இருந்தது.

கடிதத்தில் இரண்டு பகுதிகள் கலந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. ‘கேட்டபோது எங்களுக்கு இப்படி ஆனது’ என்ற பகுதி அவர்களுடைய சாட்சியம். அதை மறுக்க வெளியாள் யாருக்கும் இடமில்லை. சீன மொழியைப் பற்றிய பகுதி அப்படியல்ல, சரிபார்க்கக்கூடியது. வசைச்சொல்லோடு ஒரே பொருள் உடைய சொல் என்றே கடிதம் அதைக் குறிப்பிட்டது. ஒலி ஒத்திருப்பதும் பொருள் ஒத்திருப்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு வரி சரிபார்க்கப்பட்டிருந்தால் பிறகு வந்த வாரங்கள் வேறு மாதிரி போயிருக்கும்.

நிர்வாகத்தின் முதல் முடிவு

பள்ளித் தலைவர் பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 24 அன்று அவர் எம்.பி.ஏ. மாணவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். ஆங்கிலத்தின் கொடிய இனவசை ஒன்றைப் போலவே ஒலிக்கும் சீனச் சொல்லை ஆசிரியர் பலமுறை சொன்னார், மாணவர்கள் வேதனைப்பட்டது புரிந்துகொள்ளக்கூடியதே, அதற்காக ஆழ்ந்து வருந்துகிறேன், மாணவர்களை ஒதுக்கி அவர்கள் மனப்பாதுகாப்பைக் குலைக்கும் சொற்களை ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துவதை ஏற்கவே முடியாது என்பது அதன் சாரம். எஞ்சிய பாடத்தை வேறோர் ஆசிரியர் எடுப்பார் என்ற அறிவிப்பும் அதிலேயே இருந்தது.

இதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, மூன்று வாரப் பாடத்தின் மிச்ச நாட்களுக்கு ஆளை மாற்றுவது. மாணவர்கள் கொதித்துப்போயிருக்கும்போது, திரை வழியே மட்டும் சந்திக்கும் ஒரு வகுப்பில், இதைத் தற்காலிக ஏற்பாடாகச் செய்ததில் பெரிய குற்றம் காண முடியாது. விசாரணை முடியும்வரை இரு தரப்பையும் விலக்கி வைப்பது எங்கும் நடப்பதுதான். மற்றொன்று, அந்த மின்னஞ்சலின் தொனி. விசாரணை நடக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. அதைவிடச் சிக்கலானது என்ன என்றால், அது சீனச் சொல் என்பதை மின்னஞ்சலே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகும், அடுத்த மூச்சில், வகுப்பில் ஒலிக்கவே கூடாத சொற்களின் வரிசையில் அதைச் சேர்த்துவிடுகிறது. வகுப்பிலும் பழைய மாணவர்களிலும் இருந்த சீனர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வாயில் வரும் ‘அது’ இனி இங்கே தகாத சொல் என்றுதான் கேட்டது.

முதலில் பாய்ந்துவிட்டுப் பிறகு பின்வாங்கும் இந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1999 ஜனவரியில் வாஷிங்டன் மேயரின் உதவியாளர் ஒருவர், நிதியைச் சிக்கனமாகவே பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று சொல்ல வந்து, கஞ்சத்தனத்தைக் குறிக்கும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒலி ஒற்றுமையால் அதை இனவசை என்று எடுத்துக்கொண்டார்கள். உதவியாளர் பதவி விலகினார், மேயர் ஏற்றுக்கொண்டார். நாடு முழுவதும் சிரிப்பும் விவாதமும் எழுந்தபின், மறுபடி வரும்படி மேயரே அழைத்தார். அந்தச் சொல்லுக்கும் வசைக்கும் வேரளவில் தொடர்பில்லை. அங்கே ஒரே மொழிக்குள் நடந்தது, இங்கே இரண்டு மொழிக்கு நடுவில்.

ஆசிரியரின் விளக்கமும் எதிர்க்கடிதங்களும்

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் மாணவர் அமைப்புக்கு ஒரு விளக்கம் எழுதினார். பல நாட்டு மாணவர்களும் தம்மை இதில் காண வேண்டும் என்றுதான் வேற்றுமொழி எடுத்துக்காட்டுகள் கொடுத்தேன், ஷாங்காயில் கேட்டபடியே உச்சரித்தேன், அந்தக் கணத்தில் எந்த ஆங்கிலச் சொல்லோடும் இதை இணைத்துப் பார்க்கவில்லை, ஏற்பட்ட வேதனைக்கு வருந்துகிறேன் என்றார். ‘நான் செய்தது சரி’ என்ற பிடிவாதம் அதில் இல்லை. ‘நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்’ என்ற பொய் ஒப்புதலும் இல்லை. இந்த விவகாரத்தில் வெளிவந்த எழுத்துகளிலேயே அளந்து எழுதப்பட்டது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பள்ளியின் பழைய மாணவர்கள் 94 பேர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. பெரும்பாலோர் சீனர். சீனத்தில் இது மிகச் சாதாரணச் சொல், ஆசிரியர் பயன்படுத்திய விதமும் சரி, அதைக் குற்றம் என்பது சீன மொழியையே அவமதிப்பது என்று எழுதினார்கள். தாங்களோ தங்கள் பெற்றோரோ மாவோவின் சீனாவில் பத்தாண்டுகள் நடந்த கலாசாரப் புரட்சிக் காலத்தில் வாழ்ந்ததைக் குறிப்பிட்டு, அப்பாவிகள்மேல் பழி சுமத்திய அந்த நாட்களை இது நினைவூட்டுகிறது என்றும் சொன்னார்கள். இந்த ஒப்பீடு எனக்கு மிகையாகவே படுகிறது. ஒரு வகுப்பு கைமாறியதை அந்தப் பத்தாண்டுகளின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் அந்த அளவுக்கு அவர்கள் சீண்டப்பட்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

வகுப்பின் ஒளித்துணுக்கு இதற்குள் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. சீன சமூக ஊடகங்களிலும் பேச்சு ஓடியது. ஆசிரியரை மீண்டும் வகுப்பெடுக்கவிடக் கோரும் மனுவில் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இதே பள்ளியின் மற்ற ஆசிரியர்களிடையே கோபமும் பயமும் பரவின. அடுத்த வகுப்பில் எந்தச் சொல் எப்படிக் கேட்கப்படுமோ என்ற பயம் அது.

விசாரணையின் முடிவு

பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் பல்கலைக்கழக அலுவலகம் இதை எடுத்து ஆராய்ந்தது. செப்டம்பர் 25 அன்று பள்ளித் தலைவர் முடிவை எழுத்தில் தெரிவித்தார். மாணவர்களின் மனவருத்தம் உண்மையானது, ஆசிரியருக்குக் கெட்ட நோக்கம் எதுவும் இல்லை, சீனச் சொல்லைப் பயன்படுத்தியதற்குப் பாடம் சார்ந்த நியாயமான காரணம் இருந்தது, பல்கலைக்கழக விதி எதுவும் மீறப்படவில்லை. ஆசிரியர் பணிநீக்கமோ இடைநீக்கமோ செய்யப்படவில்லை, அவர் நிலை மாறவில்லை, பணியிலிருக்கும் மேலாளர்களுக்கான எம்.பி.ஏ. பிரிவில் பாடம் எடுத்து வருகிறார் என்றும் தெளிவுபடுத்தப்பட்டது.

முடிவு சரி. ஆனால் அது வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் அந்த மூன்று வாரப் பாடம் முடிந்துபோயிருந்தது. முதல் மின்னஞ்சலைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்தார்கள் என்பது சந்தேகம்தான்.

எதை மாற்றலாம்

எடுத்துக்காட்டைக் கைவிட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. இது தகவல்தொடர்புப் பாடம். அந்த வகுப்பில் இருந்த சீன மாணவர் நாளை அட்லாண்டாவிலோ சிகாகோவிலோ ஒரு கூட்டத்தில் பேசும்போது, சொல் வராமல் தடுமாறி, தன்னை அறியாமல் ‘நெய்கெ’ என்று இழுப்பார். எதிரில் இருப்பவர் முகம் மாறும். ஏன் மாறியது என்றே அவருக்குத் தெரியாது. இந்த மோதலைச் சொல்லித்தர மேலாண்மைப் பள்ளியைவிட நல்ல இடம் எது? கொரிய மாணவருக்கும் இதே தொல்லை உண்டு. கொரியத்தில் ‘நீ’ என்ற எழுவாய் வடிவத்தைப் பேச்சில் ‘நிகா’ என்றே உச்சரிக்கிறார்கள், காதல் பாட்டுகளில் அது வரிக்கு வரி வரும்.

ஆசிரியர் தரப்பில் மாற வேண்டியது வரிசைதான். ஒலிக்கும் முன் இரண்டு வாக்கியம். ‘இப்போது ஒரு சீனச் சொல் சொல்லப்போகிறேன். ஆங்கிலத்தில் மிகக் கொடிய ஒரு வசைக்கு நெருக்கமாகக் கேட்கும், ஆனால் இதற்குப் பொருள் ‘அது’ மட்டுமே.’ எழுத்தைத் திரையில் காட்டிவிட்டு ஒரே ஒருமுறை சொன்னால் போதும். வகுப்பில் இருக்கும் சீனம் பேசுபவரையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. காது அப்போது ஆங்கிலத்தை விட்டு வேறு மொழிக்குத் தயாராகிவிடும்.

நிர்வாகத்தின் தரப்பில், முதல் நாள் மின்னஞ்சலை மூன்று நான்கு வரியில் முடித்திருக்கலாம். புகார் வந்திருக்கிறது, உங்கள் வேதனையைக் கேட்டுக்கொண்டோம், விசாரிக்கிறோம், அதுவரை இந்தப் பிரிவுகளை வேறொருவர் எடுப்பார். அவ்வளவுதான். ‘ஏற்கவே முடியாது’ என்ற வாக்கியத்துக்கு அந்த நாளில் எந்த அவசரமும் இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய மொழிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. வெளியிலிருந்து வல்லுநரை வரவழைக்கத் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தச் சொல்லின் பொருளும் புழக்கமும் தெரிந்திருக்கும்.

புகார் கொடுத்த மாணவர்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கேலியாகவே எழுதினார்கள். அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. திடுக்கிட்டது உண்மை என்று விசாரணை அலுவலகமே சொல்லிவிட்டது. அவர்களையும் சீன மாணவர்களையும் ஒரே அறையில், அல்லது ஒரே ஜூம் திரையில், அந்த வாரமே உட்கார வைத்து, ‘நீங்கள் என்ன கேட்டீர்கள், நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்’ என்று மாறி மாறிப் பேசவைத்திருக்கலாம். அதற்கும் ஆசிரியர் இல்லாமலே வழி உண்டு. பொதுவெளியில் தெரிந்தவரை, இரு தரப்பும் கடிதங்களில்தான் பேசிக்கொண்டன, இரண்டு கடிதங்களும் நிர்வாகத்துக்கு எழுதப்பட்டவை.

அமெரிக்கா போகும் சீன மாணவர்களுக்கு ஊரிலேயே கிடைக்கும் அறிவுரைகளில் இப்போது இதுவும் ஒன்று. பேருந்திலும் கடையிலும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பேசு, முடிந்தால் ‘இது’ என்ற பொருளுள்ள ‘ஜெகெ’ என்று மாற்றிக்கொள் என்கிறார்கள். சீனத்தில் அதுவும் நிரப்புச் சொல்லாகவே புழங்குவதால் மாற்று பொருத்தமானதுதான். யோசித்துப் பேசும்போது பலர் மாற்றிவிடுகிறார்கள். சொல் வராமல் திணறும் நேரத்தில் பழைய ‘நெய்கெ’யே வந்து நிற்கிறது.